இரசிகர் சட்டையும் ஒப்புரவும்

முன்னுரை

இசைக்கலைஞர் ஒருவரின் உருவத்தையோ பெயரையோ மேலாடையில் அச்சிட்டுத் தமக்குள் விற்று, செலவுபோக எஞ்சும் பணத்தை அறப்பணிக்கு வழங்கும் வழக்கம் இன்று பல நாட்டு இரசிகர்களிடையே காணப்படுகிறது. தமிழ்த் திறனாய்வு இவ்வழக்கத்தைப் பெரும்பாலும் ஒதுக்கியே வந்துள்ளது. ஒதுக்குவதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுவதுண்டு. இரசிகர் செயல் யாவும் வெறும் ஆரவாரம் என்பது ஒன்று. பொருளைக் கொடுத்துப் பணம் பெறுவது வாணிகமேயன்றி அறமாகாது என்பது மற்றொன்று. முதற்காரணம் கற்றோரின் மேட்டிமை மனப்பான்மையிலிருந்து பிறப்பது; அதற்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. இரண்டாவது காரணம் வலுவுடையது. அதற்குப் பின்புலமாகத் திருக்குறளே நிற்கிறது எனலாம். ஆகவே இரசிகர் சட்டையை ஒரு பனுவலாகக் கொண்டு, அதில் வெளிப்படும் கொடை தமிழ் அறவியலில் எவ்விடத்தைப் பெறும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. துணியோடும் தமிழரோடும் நெடுந்தொடர்பு கொண்ட மலாக்கா இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

துணி வந்த துறை

மலாக்கா நகரிலிருந்து தெங்கேரா, கிளேபாங் வழியாகக் கடலோரமாகச் செல்லும் சாலை தஞ்சோங் கிளிங்கை அடைகிறது. தஞ்சோங் என்பதற்கு மலாய்மொழியில் நிலமுனை என்பது பொருள். கிளிங் என்பது கலிங்கம் என்பதன் திரிபு என்பர். இன்று அச்சொல் இந்தியரை இழித்துரைப்பதாகக் கருதப்பட்டு வெறுக்கப்படுகிறது. ஆயின் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரைக் குறித்தது. 1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிய போர்த்துகீசியர் தோமே பிரெஸ், மலாக்காவில் அவ்வணிகர் பெற்றிருந்த செல்வாக்கை எடுத்துரைக்கிறார். அவர்களின் முதன்மைச் சரக்கு துணியே.

மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயுவில் இத்துணி வணிகம் பற்றிய கதை ஒன்று உண்டு. சுல்தான் மஹ்மூட், நாற்பது வகைத் துணிகளை, ஒவ்வொன்றிலும் நாற்பது பூவேலைப்பாடு அமையுமாறு வாங்கிவரக் கிளிங் நாட்டிற்கு ஹாங் நாடிமை அனுப்புகிறார். அந்நாட்டு ஓவியர்கள் வரைந்து காட்டிய கோலம் எதுவும் ஹாங் நாடிமுக்கு மனநிறைவு அளிக்கவில்லை. இறுதியில் அவரே தம் கையால் மாதிரியை வரைந்து காட்டுகிறார். திரும்பும் வழியில் கலம் மூழ்க, மிகச் சில துணிகளே சுல்தானிடம் வந்து சேர்கின்றன. கதையில் புனைவு எவ்வளவு என்பது வேறு வினா. துணி என்பது விற்பவன் தருவதை வாங்குவது மட்டுமன்று, உடுப்பவன் தன் விருப்பத்தை வரைந்து கொடுத்துச் செய்வித்துக்கொள்வதுமாகும் என்னும் எண்ணம் இக்கடலோரத்தில் பழமையானது என்பதே இங்குக் கருதத்தக்கது. தமக்கு வேண்டிய கோலத்தைத் தாமே வரைந்து அச்சகத்தில் கொடுக்கும் இரசிகர் ஹாங் நாடிமுக்கு அயலார் அல்லர்.

இன்று தஞ்சோங் கிளிங்கில் கட்டற்ற வாணிக வட்டாரத் தொழிற்சாலைகள் உள்ளன. தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை இத்தகைய தொழிற்சாலைகளையே நாடியது. பால்மரம் சீவியவருக்குச் சீருடை இல்லை. பழைய சட்டையே வேலைச்சட்டை. தொழிற்சாலைக்குச் சென்ற பிள்ளைகளுக்கோ நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை கிடைத்தது. நெஞ்சில் ஒரு பெயரைத் தாங்கி நடப்பது முதலில் முதலாளிக்கு உரியவனாக நடப்பதாகவே அவர்களுக்கு அறிமுகமாயிற்று. விடுமுறை நாளில் அதே இளைஞர் தாம் தெரிந்தெடுத்த பாடகரின் பெயரை அணிவதில் உள்ள வேறுபாட்டை இப்பின்னணியில்தான் உணரமுடியும். ஒன்று பணித்த பெயர். மற்றொன்று பணிந்த பெயர்.

மாசி மகத்தில் மலாக்கா தமிழர் செங்கில் உள்ள சன்னாசிமலைக்குத் திரளும்போதும் இவ்வேறுபாட்டைக் காணலாம். மலேசியாவெங்கும் காவடிகளோடு செல்லும் உறுமி மேளக் குழுக்கள் தத்தம் பெயரும் சின்னமும் பொறித்த சட்டைகளை அணிகின்றன. மேளக்காரர் மட்டுமன்றி அவர்களைப் பின்தொடரும் நண்பரும் அணிவர். வானொலியோ இசைத்தட்டு நிறுவனமோ உருவாக்காத, தெருவில் தோன்றிய இசை இரசனை இது. தண்ணீர்ப் பந்தலில் மோர் வழங்கும் இளைஞரின் முதுகிலும் இத்தகைய அச்செழுத்தைக் காணலாம். இசை, சட்டை, பொதுப்பணி ஆகிய மூன்றும் இங்கே ஏற்கெனவே ஒருங்கே நிற்கின்றன. 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ வெளிவந்தபின் மலேசியத் தமிழ்ச் சொல்லிசை இளைஞரிடையே வேரூன்றியது. அவ்விசை வகையில் உடை பாட்டிற்குப் புறம்பானதன்று. பாட்டின் ஒரு பகுதியே.

புரவலன் தந்த உடை

இசையோடு உடை சேர்ந்து வருவது தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன், பொருநனின் வேர்வையில் நனைந்து தையலோடு கிடந்த கந்தலைக் களையச்செய்து, பாம்புரி போன்ற நுண்ணிய பூந்துணியை உடுத்துகிறான். ஆற்றுப்படை நூல்கள் பலவற்றிலும் உணவு, உடை, பொற்பூ என்னும் வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே துணி செல்லும் திசை ஒன்றே: கொடுப்போன் மேலே, கலைஞன் கீழே. உடை பெற்ற கலைஞன் அதற்கு ஈடாகப் புரவலன் பெயரைச் சுமந்து ஊர்தோறும் செல்கிறான். புதிய உடையே நடமாடும் விளம்பரமாகிறது என்றுகூடச் சொல்லலாம். ஆற்றுப்படுத்தல் என்னும் துறையே அதனால்தான் அமைந்தது.

இரசிகர் சட்டை இத்திசையைத் தலைகீழாக்குகிறது. இங்குக் கலைஞன் பெறுவோனல்லன். அவனது பெயரே கொடையின் முகப்பாக நிற்கிறது. கொடுப்போர் பெயர் அச்சாவதில்லை. உடை கொடுப்போரிடமே தங்குகிறது. பணம், பாட்டோடு யாதொரு தொடர்பும் இல்லாத மூன்றாமவரிடம் செல்கிறது. புரவலன், கலைஞன் என்னும் இருவர் உறவு மூவர் உறவாக மாறுவதே இவ்வழக்கத்தின் புதுமை.

இம்மாற்றம் ஒரே நாளில் நேர்ந்ததன்று. இடைப்பட்ட கட்டத்தைத் தமிழகத் திரைப்பட இரசிகர் மன்றங்களில் காண்கிறோம். 1960களின் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். சென்னையின் கைரிக்‌ஷாத் தொழிலாளர்க்கு மழைச்சட்டைகள் வழங்கினார். கரிகாலன் செய்ததை நடிகர் செய்தார். உடை பெற்றவர் இப்போது கலைஞரல்லர், உழைப்பாளர். எம்.ஜி.ஆரின் திரைப்படிமமும் கொடையும் ஒன்றையொன்று வளர்த்த விதத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூலில் கடுமையாகவே ஆராய்ந்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த சாரா டிக்கியின் மதுரை ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. இரசிகர் மன்ற உறுப்பினரிற் பெரும்பாலோர் நகர்ப்புறத்து எளிய இளைஞர். அவர்களே தம்மினும் வறியோர்க்குப் பொருள் வழங்கினர். வழங்கும்போது அவர்கள் வாங்குவோர் வரிசையிலிருந்து விலகி வழங்குவோர் வரிசையில் நின்றனர். இதனை ஏமாற்று என ஒதுக்குவோர், வாழ்நாள் முழுவதும் வாங்குவோர் வரிசையில் நிறுத்தப்பட்டவரின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். கமல்ஹாசன் தம் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றியமைத்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆனால் மன்றங்களின் நற்பணியில் நடிகரின் பிறந்தநாளே நாட்காட்டி. கொடை அவரை நோக்கியே திரும்பிக்கொண்டிருந்தது.

எலும்புக்கூடு அணிந்த அணி

இசை இரசிகர் சட்டையும் அறநிதியும் இணைந்த மிகத் தெளிவான நிகழ்வு தமிழுலகிற்கு வெளியே நடந்தது. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் இரசிகர், கச்சேரி நடைபெறும் திடலின் வாகன நிறுத்துமிடத்திலேயே தாம் முடிந்து சாயமிட்ட சட்டைகளை விற்றுப் பயணச் செலவை ஈட்டுவர். சாயமுடிச்சுச் சட்டை அவர்களின் அடையாளமாயிற்று. 1992இல், சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டிருந்த லித்துவேனியாவின் கூடைப்பந்து அணி பார்சிலோனா ஒலிம்பிக்கிற்குச் செல்லப் பணமின்றித் தவித்தது. இசைக்குழு பண உதவி செய்தது. கிரெக் ஸ்பியர்ஸ் என்னும் ஓவியர், வளையத்தில் பந்தைத் திணிக்கும் எலும்புக்கூட்டை லித்துவேனியக் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறச் சாயமுடிச்சின்மேல் வரைந்தார். அணி வெண்கலப் பதக்கம் வென்று அச்சட்டையோடு மேடையேறியது. சட்டை பெரிதும் விற்பனையாகி, வருவாய் அணிக்கும் லித்துவேனியக் குழந்தைகளுக்கான அறப்பணிகளுக்கும் சென்றது.

இதில் நோக்கத்தக்கது வடிவமைப்பு. பாடகர் எவருடைய முகமும் அச்சட்டையில் இல்லை. எலும்புக்கூடும் சாயமுடிச்சும் இசைக்குழுவின் இரசிகருக்கு உரியவை. நிறங்கள் பெறுவோருக்கு உரியவை. இருவரும் ஒரே துணியில் சமமாக இடம்பெற்றனர். உடுத்தியவரும் பெறுவோரே! பிற்காலத்தில் 2020 ஜூனில் பி.டி.எஸ். குழுவினர் அமெரிக்கக் கறுப்பினத்தவர் உரிமை இயக்கத்திற்கு 10 இலட்சம் டாலர் வழங்க, இரசிகர் ஏறத்தாழ ஒரே நாளில் அதே தொகையைத் தாமும் திரட்டியது வியப்புக்குரியதே. ஆயின் அங்குத் துணி இல்லை, எண்ணே பேசியது. திறனாய்வாளனுக்கு லித்துவேனியச் சட்டையே கூடுதலாகக் கற்பிக்கிறது.

ஈகையா, ஒப்புரவா?

இனி முன்னர்க் கூறிய இரண்டாவது தடைக்கு வருவோம். ஈகை அதிகாரத்தின் முதற்குறள், வறியார்க்கு வழங்குவதையே ஈகை என வரையறுத்து, ஏனைய யாவற்றையும் குறியெதிர்ப்பை என ஒதுக்குகிறது. அளந்து கொடுத்து அதே அளவைத் திரும்பப் பெறுதலே குறியெதிர்ப்பை. நம் திருமண வீட்டு மொய் அதற்கு நேரிய சான்று. 35 வெள்ளி கொடுத்துச் சட்டை பெறுவோன் தன் கையில் பொருளோடு வீடு திரும்புகிறான். வள்ளுவர் வரையறைப்படி இது ஈகையன்று. இதனை மறுக்க முயலும் வாதம் எதுவும் நில்லாது. ஈகை என்று இரசிகர் பெருமைப்படுவதையும் நாம் ஏற்கவேண்டியதில்லை.

ஆயின் வள்ளுவர் ஈகைக்கு முன் ஒப்புரவறிதலை வைத்தார். அங்கே உவமைகள் வேறு: ஊரார் உண்ணும் நீர் நிறைந்த குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். இவற்றில் கொடுப்போன் கை மேலே, வாங்குவோன் கை கீழே என்னும் நிலை இல்லை. குளத்தை வெட்டியவனும் அக்குளத்து நீரையே குடிக்கிறான். தான் பயன்கொள்வது அறத்தைக் கெடுப்பதில்லை. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் விற்றல் என்னும் சொல்லையே எடுத்தாள்கிறது. ஒப்புரவால் கேடு வருமெனில் அக்கேட்டைத் தன்னை விற்றேனும் கொள்ளலாம் என்பது அதன் கருத்து. வாணிகச் சொல் அறத்தின் வாயிலில் நிற்பதற்கு வள்ளுவர் கூசவில்லை. இரசிகர் சட்டைக்குரிய பெயர் இதுவே. அது ஒப்புரவு, ஒரு குழுவினர் தம் மகிழ்ச்சியைக் கெடுக்காமலே ஊர்க்குளத்திற்கு ஒரு வாய்க்கால் வெட்டும் முயற்சி.

சொல்லை மாற்றுவதால் என்ன பயன் எனலாம். அளவுகோல் மாறுகிறது. ஈகையை மனத்தால் அளப்பர்; ஒப்புரவை நீரால் அளக்கவேண்டும். குளத்தில் நீர் வந்ததா, எவ்வளவு வந்தது என்பதே வினா.

கணக்கும் முகமும்

திரை அச்சில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்திரை செய்யவேண்டும். திரைக்கான செலவு பத்துச் சட்டைக்கும் நூறு சட்டைக்கும் ஒன்றே. ஆதலால் எண்ணிக்கை குறைந்தால் ஒரு சட்டையின் அடக்கவிலை ஏறும். நிறங்கள் கூடினாலும் ஏறும். இரசிகர் குழுக்கள் ஓரிரு நிறங்களோடு நிற்பதும் முன்பணம் வாங்கிய பின்னரே அச்சகம் செல்வதும் இதனால்தான். ஓர் எடுத்துக்காட்டாக, 35 வெள்ளிச் சட்டையின் அடக்கம் 20 வெள்ளி என்றால் அறநிதிக்குச் செல்வது 15 வெள்ளியே. விற்காமல் தேங்கும் அளவுகள் அதையும் உண்டுவிடும். ‘வருவாய் அனைத்தும் நன்கொடை’ என்னும் அறிவிப்பில் வருவாய் என்பது விற்பனைத் தொகையா, எஞ்சிய தொகையா என்பது விளக்கப்பட வேண்டும். விளக்கப்படாவிட்டால் அதனைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதி வாக்கியம் என்று சொல்வேன்.

மேலும், பதிவு பெறாத குழுவிற்கு வங்கியில் தன் பெயரில் கணக்கு இராது. பணம் ஒருவரின் சொந்தக் கணக்கிற்கே போகும். பொதுமக்களிடம் வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட உரிமம் வேண்டுமென 1947ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதைப் பல இளைஞர் அறியார். பாட்டின் உரிமையும் வினாவிற்குரியது. இளையராஜா 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கே அறிவிக்கை அனுப்பியதைக் கண்ட பின்னும், பாடல் வரியைச் சட்டையில் அச்சிட எவர் இசைவும் வேண்டாம் எனக் கருதுவது இயலாது. அன்பு உரிமையாகிவிடாது.

இவ்விடத்தில் ஒரு பழைய நிதியை ஒப்புநோக்கலாம். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றிய காலத்தில், அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்கவேண்டுமென்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். தோட்டத் தொழிலாளரும் கொடுத்தனர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் பத்துப் பத்து வெள்ளியாகவே தொழிலாளரிடம் பங்குத்தொகை திரட்டியது. அந்நிதிகளில் கொடுத்தவர் உடுத்தத்தக்க எதனையும் பெறவில்லை. ஒன்றில் தமிழ், மற்றொன்றில் நிலம் என நோக்கம் ஒன்றே முகப்பாக இருந்தது. இன்றைய சட்டையில் முகப்பு கலைஞருடையது. நோக்கம் பெரும்பாலும் தோள்கையில் சிறிய எழுத்தில் ஒடுங்கிவிடுகிறது. அழகியல் குறையாகத் தோன்றும் இது உண்மையில் அறக்குறை. லித்துவேனியச் சட்டை தீர்த்துவைத்த சிக்கலை நம் இரசிகர் இன்னும் சிக்கலாகவே உணரவில்லை.

இதனினும் வருத்தத்திற்குரியது நிதி வழங்கும் நாளின் நிழற்படம். ஒரே நிறச் சட்டையணிந்த இருபதுபேர், நடுவே பெரிய மாதிரிக் காசோலை, அதன் ஒரு முனையைப் பிடித்தவாறு முதியோர் இல்லத்து மூதாட்டி அல்லது ஆதரவற்ற குழந்தை. சட்டை அணியாதவர் அப்படத்தில் அவர் ஒருவரே. யார் குழுவினர், யார் புறத்தார் என்பதை அச்செழுத்து ஒரு பார்வையில் பிரித்துவிடுகிறது. ஒப்புரவாகத் தொடங்கியது இங்கே மீண்டும் மேற்கை கீழ்க்கையாக மாறுகிறது. கரிகாலனேனும் பொருநனுக்கு உடை கொடுத்தான். பெறுவோருக்கும் ஒரு சட்டை கொடுத்திருக்கலாமே என்பது விளையாட்டாகச் சொல்லப்படும் கருத்தன்று. படமே எடுக்காமல் விடுவது இன்னும் நன்று.

பகுதி உதவி பெறும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல, கட்டடத்திற்கும் கணினிக்கும் நன்கொடையையே நம்பியுள்ளன என்பதை ஆசிரியர்கள் அறிவர். அப்பள்ளிகளுக்கு இரசிகர் குழுவொன்று முன்வரும்போது தலைமையாசிரியர் தயங்க வேண்டியதில்லை. அச்சிட்ட எண்ணிக்கை, அடக்கம், எஞ்சிய தொகை ஆகியவற்றைத் தாளில் கேட்டுப் பெறலாம். மாணவரைக் காசோலைக்கு அருகில் நிறுத்த மறுக்கலாம். இரண்டும் மரியாதைக் குறைவாகா.

ஆய்வுக்கு வேறொரு தடையும் உண்டு. பழைய நிதிகளின் பற்றுச்சீட்டு தாளாக இருந்ததால் சில பெட்டிகளிலேனும் எஞ்சியுள்ளது. சட்டையோ பலமுறை சலவைக்குப் பின் மை வெடித்து, மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணியாகிவிடுகிறது. உறுமிக் குழுக்களின் சட்டைகளும் அவ்வாறே மறைகின்றன. இளங்கலை ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடும் மாணவர், தம் வட்டாரத்திலுள்ள இத்தகைய சட்டைகளை ஆண்டு, வரைந்தவர், அச்சிட்ட எண்ணிக்கை, விலை, பணம் சேர்ந்த இடம் ஆகிய விவரங்களோடு படம்பிடித்துத் தொகுக்கத் தொடங்கலாம். அலமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்தவை இன்னும் சில வீடுகளில் இருக்கும்.